பழைய டிரைவின் தட்டு

தீனா இறந்துபோன பிறகு அவன் லேப்டாப்பைத் தொட ஆளில்லை. இன்றுதான் அவன் மனைவி வினிதா அதைத் தாம்பரத்தில் இருக்கும் யாசீனின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். கெட்டுப்போன சிடி டிரைவைக் கழற்றி மேசையில் போட்ட யாசீன், அதன் முன்மூடியை அளவு சேரும்படி அரத்தால் ராவிப் புது டிரைவில் பொருத்தி, அதை லேப்டாப்பில் மாட்டினான். திரையில் இரண்டு டிரைவ் காட்டியது.

“ஒண்ணுதானே மாட்டினீங்கண்ணா?”

“ஒண்ணுதாம்மா. இன்னாடா இது பேஜாரா கீது!”

இரண்டாவதைத் திறக்கும்படி அழுத்தினான். மேசையில் ஒயரே இல்லாமல் கிடந்த பழைய டிரைவின் தட்டு வெளியே வந்தது.

வினிதா திடுக்கிடவில்லை. “தூங்கப் போறப்ப மூக்குக்கண்ணாடிய இதுலதான் வெப்பாரு,” என்றபடி கைப்பையிலிருந்து தீனாவின் கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

யாசீன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரும் ஊதாமலே கண்ணாடியில் மூச்சு படிந்தது. பிறகு ஒரு பக்கம் மட்டும் துடைத்தாற்போல் தெளிந்தது.