சம்பந்தி இலை

இலை போட்டாகிவிட்டது.

அவர் வலது கையைத் தொடைமேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் முதல் தடவை கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் இந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

மகள் சங்கரிக்கு முப்பத்தொன்று. இதற்கு முன் இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போனது. இரண்டும் அவருடைய அண்ணனால். செத்துப்போன அண்ணன். குடலில் புற்று, குடும்பத்திலேயே இருக்கிறது என்று எவனோ போய்ச் சொல்லிவிட்டான். நாசமாய்ப் போகிறவன்.

இந்த இடத்தில் கேட்டபோது அவர் முந்திக்கொண்டார். அண்ணன் மாரடைப்பில் போனான் என்றார்.

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓடுவான்.

எட்டு மாதமாக அவரும் ஓடுகிறார். வீட்டில் கக்கூஸ் பத்தடி தூரம், சமாளித்துவிடலாம். வெளியே ஒரு வாய் தொடுவதில்லை. கேட்டால் விரதம். வெள்ளி, சஷ்டி, பிரதோஷம். பாவம், தெருவே அவரைப் பக்திமான் என்கிறது.

டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார். சோறு வயிற்றில் விழுந்ததும் குடல் அசைவது எல்லோருக்கும் உள்ளதுதான். இப்படி ஓட வைப்பதுதான் சரியில்லை. ரத்தம் போகிறதா?

இல்லை என்றார்.

போகிறது.

குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு நாலாக மடிந்து சட்டைப்பையில் கிடக்கிறது. கல்யாணம் முடியட்டும்.

நேற்று மத்தியானத்திலிருந்து வெறும் தண்ணீரோடு இருந்தார். காலி வயிறு என்ன செய்துவிடும் என்று ஒரு நினைப்பு. மடத்தனமான நினைப்பு.

"என்ன சம்பந்தி யோசன? கைய நனைங்க."

பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன். எதிர் வரிசையில் சங்கரியின் அம்மா வடிவு. அவள் கண் கெஞ்சியது.

நனைத்தார்.

சொதி. கெட்டித் தேங்காய்ப்பாலில் செய்தது. எத்தனை நாளாயிற்று! நாக்கு சந்தோஷப்பட்டது. வெட்கங்கெட்ட நாக்கு.

நாலாவது கவளத்தில் அடிவயிறு முறுக்கியது.

வரும்போதே பார்த்து வைத்திருந்தார். புறவாசல் கடைசியில் ஒரு தகரக் கதவு. அடுப்படிப் பெண்கள் அத்தனை பேரையும் தாண்ட வேண்டும். எச்சில் கையோடு, பாதி இலையில். என்ன ஏது என்று கேட்பார்கள். கேட்டால் அண்ணன் கதை வெளியே வரும்.

கால் பெருவிரலை மடக்கினார். மூச்சைப் பிடித்தார்.

முருகா, இன்றைக்கு ஒரு நாள் மட்டும்.

"சம்பந்திக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க," என்றார் ஆவுடையப்பன். "இப்படி வேக்குதே. யாராவது ஃபேனக் கூட்டி வைங்கப்பா."

ரசம் வந்தது. மோர் வந்தது. ஒவ்வொன்றும் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது.

பாயசத்தில் ஒரு முந்திரியைக் கடிக்கும்போது முறுக்கல் சட்டென்று நின்றது.

வலியே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் வேட்டிக்கு அடியில் வெதுவெதுப்பு தெரிந்தது.

அவர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிப்பது போல, நிதானமாக.

வரிசை எழுந்தது. வடிவு கை கழுவிய ஈரத்தோடு போனை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பொறுக்குமா?

"ஏட்டி சங்கரி, அப்பா கை நனைச்சிட்டாவ! ஆமாட்டி, வயிறு நெறைய சாப்ட்டாவ!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் அந்தப் பக்கம் அழுதிருக்க வேண்டும்.

கை கழுவிவிட்டுத் திரும்பிய ஆவுடையப்பன் குனிந்து கையை நீட்டினார்.

"எந்திரிங்க சம்பந்தி. உண்ட மயக்கமா?"

இலை எடுக்க வந்த பெண் கூடையோடு நின்றாள். பக்கத்து இலையை எடுத்தாள். அடுத்ததற்குக் குனிந்தவள் மூக்கைச் சுளித்து நிமிர்ந்தாள்.

அவர் மடித்த இலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வடிவு ஓடி வந்து போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பா," என்றாள் சங்கரி. "அப்பா... இருக்கியளா?"