கேமரா முன்னால் ஒரு கரண்டி குருமா

"இது குருமாவா, போஸ்டர் ஒட்டற பசையாம்மா?"

நொடித்துப்போன உணவகங்களைத் தூக்கி நிறுத்த வரும் டி.வி. சமையல் நிபுணர், கேள்வியைக் கடை முதலாளியம்மாவிடம் கேட்டார். தன் முகத்தைக் கேமராவுக்குக் காட்டினார். காலையில் அந்தக் குருமாவை வைத்தவளே அவள்தான்; பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த நிகழ்ச்சியும் கைகொடுக்காவிட்டால் மாசக் கடைசியில் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எதிர்த்துப் பேசித் தொலைக்காதே," என்று கணவன் காதைக் கடித்தான்.

திட்டித் தீர்த்ததில் நிபுணருக்குப் பசித்துவிட்டது. இவர்கள் சாப்பாட்டைத் தொடாமல், வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரைத் திறந்தார்.

"கேமராவை இப்படித் திருப்புங்கப்பா. இது என் மனைவி வச்ச குருமா. மூணு மாசமா அவ கைப்பக்குவமே தனி. வாயில வச்சுப் பாருங்கம்மா, ருசின்னா என்னன்னு புரியும்."

ஒரு கரண்டி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவரும் வாய் நிறைய எடுத்துக்கொண்டார்.

அவள் கேரியரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"பிரமாதம் சார். காலையில இந்தக் கேரியர்ல நான்தான் ஊத்திக் கொடுத்தேன். மூணு மாசமா தினமும் வர்ற ஒரே கஸ்டமர் மேடம்தான். அவங்க வீட்டுக்காரர் நீங்கன்னு இப்பதான் தெரியுது."

கேமராவை நிறுத்தச் சொல்ல நிபுணரால் முடியவில்லை. வாய் நிறையப் பசை.