இரண்டாவது சரணத்தில் ஒரு மணி

"இல்லீங்க சார், எனக்கும் கேக்கல."

வாய் கூசாமல் பொய் சொன்னார் என் வீட்டுக்காரர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டேக் என்று ஒரு பெட்டி வாங்க வந்திருந்தோம். ஃபோனில் இருக்கிற பாட்டை வாங்கி, நல்ல ஒலியாக மாற்றி, ஸ்பீக்கர் செட்டுக்கு அனுப்புமாம். பழைய பெட்டிதான். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது.

ஆறு மாதமாக வீட்டில் இதே புலம்பல். "நம்ம ஸ்பீக்கர்ல பாட்டெல்லாம் போர்வைய போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு. ஒரு டேக் மாட்டினா பளிச்சுனு ஆயிடும்."

இவருக்குத் தகரம் வெட்டுகிற பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்தால் பாட்டு. பக்கத்தில் பிள்ளை வீல் வீலென்று கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பாட்டு மங்கிப்போச்சாம், அதுக்குக் கவலை!

பெட்டியை விற்கிறவர் வானொலியில் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர். எதையும் மறைக்கவில்லை.

"குறையச் சொல்லிடறேன் தம்பி. இப்பப் போடப்போற பாட்டு நானே பதிவு பண்ணது. ரெண்டாவது சரணம் முடியற இடத்துல ஒரு சின்ன மணி, மூணு தரம் அடிக்கும். நான் சொல்லித்தான் வச்சாங்க. கொஞ்ச நாளா இந்தப் பெட்டி அதை முழுங்கிடுது."

"ஆமா, பெட்டிதான் கெட்டுப்போச்சு. வித்துத் தொலைங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அவர் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி.

விற்கிற பொருளை இப்படியா மட்டம் தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டைப் போட்டார். இரண்டாவது சரணம் முடிந்தது.

டிங். டிங். டிங்.

தண்ணீர் சொட்டுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக விழுந்தது. என் இடுப்பில் இருந்த பிள்ளைகூட ஒவ்வொரு டிங்குக்கும் ஸ்பீக்கரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

பெரியவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "கேட்டுச்சா தம்பி? நெஜத்தச் சொல்லுங்க."

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னார் இவர்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடி! தம்பிக்கும் கேக்கலையாம். நான் என்னமோ என் காதுதான் போச்சோன்னு பயந்துட்டேன். முப்பது வருஷம் நமக்குச் சோறு போட்ட காதாச்சே!"

"அப்ப விலையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் இவர். "எங்க பட்டறை எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்துதான் சரி பண்ணணும்."

"பாதி குடுங்க போதும். குறையுள்ள சாமான் தம்பி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிவிட வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் புது மனுஷங்க முன்னால் எனக்குப் பேச்சே வராது. தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெட்டிக்காக, அப்பா வயசு மனுஷரை இப்படியா ஏமாற்றுவது? இவரோடுதானா நான் குடும்பம் நடத்துகிறேன்?

நிமிர்ந்தபோது அந்தம்மா என் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு அது சிரித்ததை அவரும் பார்த்திருக்கிறார். போச்சு, மானம் போச்சு!

இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் வண்டியில் கட்ட ஆரம்பித்தார். அந்தம்மா கேட் வரைக்கும் என் கூடவே வந்தார். திட்டத்தான் போகிறார் என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா. இவருக்குத்தான் காது போயிட்டிருக்கு. சின்னச் சத்தம், சன்னமான சத்தம் முதல்ல போகுமாம். இவர் டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறார். காது போச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சிடுவார்னு எனக்கும் வற்புறுத்தத் தைரியம் இல்ல. அதான் பழியப் பெட்டி மேல போட்டேன். உன் வீட்டுக்காரர் ஒரே பார்வையில புரிஞ்சுக்கிட்டார் பாரு. அந்த மனசு யாருக்கு வரும்? நல்லா இருக்கணும்மா."

கட்டின புருஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்!

வண்டிப் பக்கம் போய் நின்றேன். "என்னங்க" என்றேன். கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னங்க..." திரும்பவில்லை. நான் மனசுக்குள் திட்டியது தெரிந்து கோபமோ என்னமோ. என் தோளில் இருந்த பிள்ளை அவர் காதருகே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அதற்கும் திரும்பவில்லை.

முதுகைத் தொட்டேன். சட்டென்று திரும்பினார்.

"என்னை மன்னிச்சிடுங்க. விலையக் குறைக்கத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன். அந்தப் பெரியவர் மனசு நோகக் கூடாதுன்னு எவ்வளவு அழகா ஒரு பொய் சொன்னீங்க!"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"பொய்யா? நான் எங்க பொய் சொன்னேன்? அந்தப் பாட்டுல மணிதான் அடிக்கவே இல்லையே!"