மூழ்கிய காட்டுக்கு ஓர் எக்செல்

"அரசாங்கத்து மேல கேஸ் போடறவாளுக்குக் கணக்கு எழுதற பெண்டாட்டி! என் ஜாதகம் அப்படி" என்றார் அனந்தகிருஷ்ணன், காளிகாட் மார்க்கெட்டிலிருந்து வந்த பையை இறக்கிவைத்தபடி.

மாதங்கி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு சந்தால் பழங்குடி கிராமத்தின் காடு, புது அணையின் நீரில் மூழ்கிவிட்டது. காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். ஆடிட்டர் மாதங்கி ஃபீஸ் வாங்காமல் நஷ்டக் கணக்கு தயாரித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கோர்ட் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும். அதில் விட்டுப்போனதைப் பிறகு கேட்கவே முடியாது.

எதிர்வாதி, அனந்தகிருஷ்ணன் அதிகாரியாக இருக்கும் இலாகா.

"கேஸைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேலிக்கு மட்டும் தடையில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மரம், விறகு, மேய்ச்சல். பேஷ்! மழை பெஞ்சா முளைக்கற காளானுக்கும் பில் போடுவியோ?"

மாதங்கிக்குச் சுருக்கென்றது. "போடுவேன். ஏன், போடப்படாதா?"

ஒரு வரி கூடியது.

"முனைக் கடையில கொச்சூரி வெச்சுத் தரானே, சால் மரத்து இலையில தைச்ச தொன்னை, அது கூடக் காட்டுலேர்ந்துதான் வரது. அதையும் எழுது. அரசாங்கம் திவாலாகட்டும்!"

"எழுதறேன். நன்னா சிரிங்கோ."

மகள் ஸ்மிதாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, ஜாதவ்பூர் யூனிவர்சிட்டில எங்க கிளாஸே அவாளுக்காகத் தெருவுல நிக்கறது. நீ வீட்டுல உட்கார்ந்து ஜோக் அடிக்கறே. வெட்கமா இல்லை?"

"நான் கவர்மென்ட் ஆளுடீ. எங்களுக்கு ஏது வெட்கம்?" என்றவர், காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். "அது சரி, சாமியை விட்டுட்டாளே உங்கம்மா! ஊரே கும்பிட்ட தோப்பும் தண்ணிக்குள்ளதானே போச்சு? சாமி என்ன ரேட்?"



மாதங்கி 'வழிபாட்டுத் தோப்பு' என்று அடித்தாள். தொகைக் கட்டத்தில் விரல் தயங்கியது. 'நீதிமன்றமே தீர்மானிக்கட்டும்' என்று எழுதினாள்.

மணி ஐந்தை நெருங்கியது. 'சமர்ப்பித்தபின் மாற்ற இயலாது. சமர்ப்பிக்கலாமா?' என்றது போர்ட்டல்.

"நீங்க சிரிச்சது அத்தனையும் ஏத்தியாச்சு. திருப்திதானே?" என்றாள் மாதங்கி, கோபம் ஆறாமல்.

அனந்தகிருஷ்ணன் இப்போது சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்தார். திரையின் முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினார்.

"இரு, அமுக்கிடாதே. நான் கேலி பண்ண மறந்தது ஏதாவது இருக்கான்னு பார்த்துடறேன்."