உறையாத மாலை

பூவிழியின் விரல், இறுகினால் கண்ணாடியாகும் ரெசினில் பிசுக்கென்று ஒட்டியது. இரண்டு நாளாகக் குண்டு பல்பு எரியும் பெட்டிக்குள் இருந்தும், ஒரு மணப்பெண் பாதுகாத்துத் தரச் சொன்ன கல்யாண மாலையை வைத்து ஊற்றிய அச்சு இறுகவே இல்லை.

கணவன் சத்யராஜ் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்தான். "மொதல்ல சாப்புடு. தயிரு எப்படிக் கட்டியா இருக்கு பாரு. இந்தக் குளிருக்கு ரெண்டு கரண்டி மோரு சேத்து ஊத்துனாதான் உறையுது." சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

வத்தல்மலையின் மார்கழிக் குளிரைக் குறை சொல்ல வழியில்லை. அதே பெட்டியில் பூவிழி ஊற்றிய சாவிக்கொத்துகள் கல்லாக இறுகியிருந்தன. மாலைக்கு மட்டும் ரெசின் கலந்தவள் கலைச்செல்வி, ஆறு வருடக் கூட்டாளி.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் பாட்டிலைப் பூவிழி தூக்கிப் பார்த்தாள். அளவுக்கு மேல் குறைந்திருந்தது. அது அளவு கூடினால் ரெசின் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும் என்று கலைச்செல்விக்குத் தெரியாதா என்ன?

அவள் வந்ததும் பூவிழி பாட்டிலை நீட்டினாள். "இது என்னடி?"

"தராசுல வச்சு சரியாத்தான் கலந்தேன், பூவு. சத்தியமா."

"நடுவுல போன் வந்து வெளிய போனியாமே, இவரு சொன்னாரு. யாரு பேசுனது?"

கலைச்செல்வி தயங்கினாள். "தர்மபுரி கடைக்காரங்க. வேலைக்குக் கூப்புட்டாங்க. வரலன்னுட்டேன்."

"நம்பச் சொல்றியா? போறவ சும்மா போகாம என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட. அந்தப் பொண்ணு கழுத்துல விழுந்த மாலைடி இது. இன்னொன்னு கெடைக்குமா?"

பூவிழி வாசலைக் கைகாட்டினாள். ஒரே தட்டில் சாப்பிட்டவள் இப்படிக் கழுத்தறுத்துவிட்டாளே! "இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சற்று நேரத்தில், தர்மபுரி பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பும் சத்தம் கேட்டது.

தட்டை எடுக்க வந்த சத்யராஜ் அச்சை எட்டிப் பார்த்தான்.

"என்னாது, அன்னிக்குக் கலைச்செல்வி போன் பேசப் போனப்ப, குளிராச்சேன்னு அந்தப் பாட்டில்லேருந்து இதுலயும் ரெண்டு மூடி சேத்து ஊத்துனேனே... இன்னுமா உறையல?"