ஏபெலுக்கு மேலே ஒரு கோடு

ஏபெலுக்கு மேலே கெசையாவின் பெயரை எழுதச் சொல்லி அக்கா காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

எழுத மாட்டேன் என்றேன்.

சனிக்கிழமை சர்ச்சில் பூ விழா. ஊரின் பழைய குடும்பங்கள் தங்கள் வம்சாவளியை வரைந்து கொண்டுவந்தால் சுவரில் மாட்டலாம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். எங்கள் பிஞ்ச்பெக் குடும்பத்துக்கு நான் வரைந்த தாள் சமையலறை மேசை முழுவதையும் அடைத்துக் கிடந்தது. நாற்பத்தொரு பெயர்கள், எல்லாம் பென்சிலில். சரிபார்த்த பிறகுதான் மை.

ஆறு வருடமாக இதற்காக லிங்கன் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறிப் போய்வருகிறேன். அக்கா ஒரு நாளும் என்ன ஏது என்று கேட்டதில்லை. செத்தவர்களை நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டாயா என்று கேலி செய்வதோடு சரி.

தப்பு என்னுடையதுதான். முந்தாநாள் தேநீர் குடிக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், 1861 சென்சஸ் பக்கத்தை அவளிடம் காட்டிவிட்டேன்.

ஜோப் பிஞ்ச்பெக், பண்ணைக் கூலி, வயது ஐம்பது. மனைவி சூசன்னா, நாற்பத்தெட்டு. மகள் கெசையா, பத்தொன்பது, மணமாகாதவள், பண்ணை வேலைக்காரி. நடுவில் இன்னும் சில பிள்ளைகள். கடைசியாக மகன் ஏபெல், மூன்று மாதம்.

ஏபெல் எங்கள் தாத்தா.

அவருக்கு முந்திய பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. போகட்டும். சென்சஸ் எடுத்தது ஏப்ரல் மாதம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களை மே மாதச் சந்தையில்தான் பண்ணைக்கு அமர்த்துவார்கள். ஒரு வருட ஒப்பந்தம். அடுத்த மே வரைக்கும் பண்ணையிலேயே சாப்பாடு, பண்ணையிலேயே படுக்கை. அப்படியிருக்க, கெசையா ஏப்ரலில் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்? பெரிய துப்பறிவாளன் மாதிரி அக்காவிடம் கேட்டேன். பிள்ளை பெற வந்திருப்பாள் என்று பதிலையும் நானே சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் ஜோப், சூசன்னா என்றுதான் இருக்கிறது. அதில் இல்லாததை நான் தாளில் ஏற்ற மாட்டேன் என்று இன்று பத்தாவது தடவையாக விளக்கினேன். தவிர, கெசையாவைத் தாயாகப் போட்டால் பக்கத்தில் தகப்பன் கட்டம் காலியாக நிற்கும். ஊர் முழுக்கக் கேக்கைத் தின்றுகொண்டே அந்தக் காலிக் கட்டத்தைத்தான் பார்க்கும். தாத்தா அதே சர்ச்சில் நாற்பது வருடம் மணி அடித்தவர். அவர் மானத்தை நானே சுவரில் மாட்டவா?

அந்தக் காலத்துப் பாதிரியாருக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும் என்றாள் அக்கா. பெண்ணைக் குளிர்காலம் முழுக்க மாடியறையில் வைத்துக்கொள்வார்களாம். தாய்க்காரி ஏப்ரனுக்குள் குஷனைக் கட்டிக்கொண்டு, நாலு பேர் கண்ணில் படும்படி மெள்ள மெள்ளக் கடைக்குப் போய்வருவாளாம். பிள்ளை பிறந்ததும் சர்ச்சுக்குப் போய், நல்லபடியாகப் பெற்றெடுத்தேன் என்று நன்றி சொல்லிவிட்டு வருவதும் தாய்க்காரிதானாம்.

எல்லாம் நூலகத்து நாவல்களின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். எண்பத்து மூன்று வயதிலும் வாரத்துக்கு நாலு புத்தகம் படிக்கிறாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

கெசையாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்டாள்.

குறிப்பேட்டைப் புரட்டினேன். 1871: அதே வீடு, மணமாகாதவள். 1881: அதே வீடு, மணமாகாதவள். 1891: ஏபெல் குடும்பத் தலைவன், கெசையா, தலைவனின் அக்கா. அதற்கப்புறம் அடக்கப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி.

"முப்பது வருஷத்துக்கு மேல அவனுக்கு ஆக்கிப் போட்டிருக்கா. கூடவே இருந்து, அவன் வாயால அக்கா அக்கான்னு கேட்டுக்கிட்டு. ஒரு தாள்லயாவது அவள அம்மான்னு போடுடா, ரோலண்டு. உன் பென்சில் ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் என் எரிச்சலெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. செத்து நூறு வருடமான ஒருத்திக்காக அக்கா இப்படி மன்றாடுவாள் என்று நான் நினைக்கவில்லை. வெட்டிய பிளம் ரொட்டியைக்கூட அவள் தொடாமல் வைத்திருந்தாள்.

சரி, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று ரப்பரை எடுத்தேன். ஏபெலிலிருந்து சூசன்னாவுக்குப் போன கோட்டை அழித்தேன். கெசையாவிலிருந்து ஏபெலுக்குப் புதுக்கோடு இழுத்தேன். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டேன்.

"போதுமா அக்கா? இப்பவாவது சாப்பிடு."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கெசையாவிலிருந்து ஏபெல், ஏபெலிலிருந்து எங்கள் அப்பா அம்மா என்று விரல் வைத்துக் கீழே வந்தாள். கடைசி வரிசையில் நின்றாள்.

அங்கே எங்கள் இருவர் பெயர்கள் மட்டும். ஹில்டா, 1915. ரோலண்ட், 1934. நடுவில் யாருமில்லை.

ரப்பருக்காகக் கை நீட்டினாள். கொடுத்தேன்.

அம்மாவிலிருந்து என் பெயருக்கு வந்த கோட்டை அவள் அழிக்கத் தொடங்கினாள். தாள் கசங்காமல், அவசரப்படாமல், சுத்தமாக அழித்தாள். தூளை ஊதிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, பென்சிலைக் கேட்டாள்.