முப்பத்தோராவது ரோடு

தமயந்தி சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஏழாவது தெரு வீடுகளுக்குப் படியேறிப் போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, கீழ்த்தளங்கள் மண்ணுக்குள் போய்விட்டன. முதல் மாடியே தெருமட்டத்துக்கு வந்துவிட்டது.

இன்று அதே தெருவில் முப்பத்தோராவது முறையாக ரோடு போடுகிறார்கள்; அவளே சூப்பர்வைசர். தெருவில் இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த குழாய்களைக் காலையிலேயே அறுக்கச் சொல்லி, தார் போட்டு மூடிவிட்டாள்.

மதியம் ஒரு வீட்டுக்காரம்மா வந்து நின்றாள். "வாசல்ல ரெண்டு குழாய் இருந்துச்சே மேடம்?"

"அந்தத் துருப்பிடிச்ச குழாயா? எடுத்தாச்சும்மா."

"ஐயோ, கீழ குடித்தனம் இருக்காங்களே. அவங்களுக்குக் காத்தே அதுலதான் போகுது."

தமயந்தி லாரிப் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல மட்டுமா?"

"எல்லா வீட்லயும்தான்."

லாரியில் அறுத்த குழாய்கள் விளிம்புவரை குவிந்து கிடந்தன.